மல்டிட்ராக் வாங்கியாச்சா? ராக் பேண்ட் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரி பேண்டின் டிரம்மர் தம்பி போன் செய்தான். "அண்ணா, ஆறு பாட்டும் ரெடி, ஸ்டுடியோக்காரர் வாட்ஸாப்ல அனுப்பிட்டார்" என்றான், குரலில் அவ்வளவு சந்தோஷம். மல்டிட்ராக், அதாவது ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனியாகப் பதிவான கோப்புகள், எல்லாம் வாங்கியாச்சா என்று கேட்டேன். "அதெல்லாம் அவர்கிட்டயே இருக்கும்ணா." பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பதில். போனை வைத்த பிறகும் மனசு ஆறவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ட்யூன் செய்துவிட்டு மேடையேறுங்கள், ஒத்திகைக்கு நேரத்துக்கு வாருங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது உங்களுக்கே தெரியும்.

முதல் ஆல்பத்தின் சவுண்டையே கட்டிக்கொண்டு அழுவது

நாலு பேர் பாராட்டிய டிஸ்டார்ஷன் டோனை, அதாவது கிட்டாரின் அந்தக் கரகரப்பை, விட மனசு வராது. எங்களுக்கும் வரவில்லை. அந்தச் சமயத்தில் எனக்குக் கண் திறந்துவிட்டது வாஷிங்டனின் ஃபுகாஸிதான். 1987-ல் மேடையேறிய ராக் குழு. பாடகர் இயன் மக்காய் நண்பரோடு சேர்ந்து 1980-ல் தொடங்கிய டிஸ்கார்ட் என்ற இசை வெளியீட்டு லேபிளிலேயே கடைசிவரை இருந்தார்கள், டிக்கெட்டை 5 டாலர் அளவிலேயே வைத்துக்கொண்டார்கள். 1990 ஆல்பத்தையும் 2001-ல் வந்த கடைசி ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலில் இரண்டு கிட்டாரும் சண்டை போட்டுக்கொள்ளும். கடைசியில் செல்லோ வருகிறது, இரண்டாவது டிரம்மர் வருகிறார், நடுநடுவே அமைதி வருகிறது. ஆனாலும் அது அதே நாலு பேர்தான் என்று பேஸ் லைனைக் கேட்டதுமே தெரிந்துவிடும். சவுண்ட் மாறினால் கேட்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு அதோடு போயிற்று.

காசு கொடுத்துவிட்டோமே என்று பிடிக்காத பதிவை வெளியிடுவது

இதுவும் ஃபுகாஸி கதைதான். மூன்றாவது ஆல்பத்துக்காக 1992-ல் சிகாகோ போய் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியிடம் பதிவு செய்தார்கள். பெரிய கை. திரும்பக் கேட்டபோது திருப்தியில்லை. அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, ஊருக்குப் பக்கத்திலிருந்த இன்னர் இயர் ஸ்டுடியோவில் மறுபடி வாசித்து 1993-ல் வெளியிட்டார்கள். உங்களால் எல்லாவற்றையும் திரும்பப் பதிவு செய்ய முடியாமல் போகலாம், ஒரு வாரம் கேட்காமல் வைத்திருந்துவிட்டுக் கேட்க முடியும்.

மல்டிட்ராக்கை ஸ்டுடியோவிலேயே விட்டுவிட்டு வருவது

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2013-ல் ஏழு பாட்டு பதிவு செய்தோம். ஐந்து பேரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இரவு ஷிப்ட் வாடகை குறைவு என்பதால் ராத்திரி பத்து மணிக்கு மேல் போய் வாசித்தோம். எல்லாவற்றையும் கலந்து ஒரே பாட்டாக்கும் மிக்ஸ் முடிந்தது, சிடியில் ஏழு பாட்டும் வந்தன, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். டிரம்ஸுக்கு வைத்த எட்டு மைக்கும் தனித்தனியாகப் பதிவானவை, பேஸ், இரண்டு கிட்டார், எடுத்து எடுத்துப் பாடிய குரல்கள் எல்லாம் அங்கே இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன. யாரும் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு குறும்பட இயக்குநர் அதில் ஒரு பாட்டைக் கேட்டார். குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் வேண்டும், வசனத்துக்குக் கீழே ஓடவேண்டும் என்றார். அவர் தருவதாகச் சொன்ன பணம் ஸ்டுடியோவுக்குக் கட்டியதில் பாதி வரும். நான் ஸ்டுடியோவுக்குப் போன் செய்தேன். "இடம் பத்தலைன்னு பழைய செஷன் எல்லாம் அழிச்சிட்டோமே, நீங்க வாங்கிட்டுப் போகலையா?" என்று கேட்டார்கள். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

பணம் போனது ஒரு பக்கம். அப்போது எங்கள் சவுண்ட் முழுக்க மாறியிருந்தது, ஒரு கிட்டாரைக் குறைத்துவிட்டு குரலை முன்னால் கொண்டுவந்திருந்தோம். பழைய பாட்டுகளை அந்தக் காதோடு மறுபடி மிக்ஸ் செய்ய ஆசைப்பட்டேன். எங்கள் டிரம்மர் அதற்குள் தோஹா போய்விட்டான், இருபத்திரண்டு வயதில் அவன் அடித்த அடியை இப்போது அவனே வந்தாலும் அடிக்க முடியாது. டெல்லி ராக் குழுவான இண்டியன் ஓஷன் 2010-ல் மாதம் ஒரு பாட்டாக ஓர் ஆல்பத்தை இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்களுடைய பாடகர் அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பரில் இறந்துவிட்டார், ஆனால் பதிவுகள் இருந்ததால் மாதாமாதம் அவர் குரலைக் கேட்டோம். ஃபுகாஸியும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகளில் 800-க்கு மேல் பதிவு செய்து பத்திரமாக வைத்திருந்து, 2011-லிருந்து இணையத்தில் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். இந்தக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்தான் கண்ணுக்குள் வரும்.

இப்போதுதான் ஏஐ வைத்துக் குரலைத் தனியாகப் பிரிக்கலாமே என்பீர்கள். செய்து பார்த்தேன். குரல் ஓரளவு வருகிறது, கூடவே சிம்பல் சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பது போல நசுங்கி வருகிறது. ஆம்ப்பில் ஏறிய டிஸ்டார்ஷனைக் கழற்றி சுத்தமான கிட்டாரை அதனால் திருப்பித் தர முடியவில்லை.

எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி. நாலு நிமிடப் பாட்டு, 24 டிராக் என்றால் சுமார் 830 எம்பி. ஏழு பாட்டும் சேர்த்து 6 ஜிபி கூட வராது. ஒரு பென் டிரைவ்!

அதனால் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு டிராக்கும் பாட்டின் ஆரம்பப் புள்ளியிலிருந்தே தொடங்கும் வேவ் கோப்பாக, எஃபெக்ட் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. கிட்டாரும் பேஸும் ஆம்ப் இல்லாமல் வாத்தியத்திலிருந்து நேரடியாக எடுத்த டிஐ பதிவோடு. பாட்டின் டெம்போ, அதாவது வேகம். குரல் இல்லாத மிக்ஸ் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் எல்லா கோப்பையும் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஒரு காலி செஷனில் இழுத்துப் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள், பேண்டில் இரண்டு பேர் வீட்டில் ஆளுக்கொரு நகல் இருக்கட்டும். பில்லையும் பேண்ட் பேரில் வாங்குங்கள். பதிவுக்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரைத்தான் நம் சட்டம் ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் என்கிறது, நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

காலமும் எல்லையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

பாட்டுரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் என்று இல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாடு என்று இல்லாவிட்டால் இந்தியா என்றும் நம் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் லேபிள்காரர்கள் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று மறக்காமல் எழுதுகிறார்கள். அந்த வரியைத் தேடிப் பிடித்துப் பேரம் பேசுங்கள்.

யார் எழுதியது என்று எழுதி வைக்காதது

பாட்டு முடிந்த அன்றே, எல்லாரும் இருக்கும்போதே. சண்டை வந்த பிறகு எழுத முடியாது.

"எக்ஸ்போஷர்" கிடைக்கும், நாலு பேருக்குத் தெரியவரும் என்று காசில்லாமல் வாசிக்கப் போவது

வேன் வாடகையாவது வாங்குங்கள்.

அந்த டிரம்மர் தம்பி மறுநாளே இரண்டு பென் டிரைவோடு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டான். செஷன் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. நேற்று எனக்கும் ஒரு நகல் அனுப்பினான், ஓடவிட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. பேஸ் கிட்டார் மட்டும் "ஆடியோ 14" என்ற பேரில் இருக்கிறது, மாற்றச் சொல்லியிருக்கிறேன்.