பகடிவதைப் புகார் வந்தால் முதல் அரை மணி நேரம்

வேலையிடத்தில் ஒருவரை ஏசியோ மிரட்டியோ துன்புறுத்துவதுதான் பகடிவதை. மலேசியாவின் பினாங்கு, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஷிப்ட் மேலாளராக இருந்து நான் திருத்திக்கொண்ட முறை இது.

முதலில் இடம். லைன் ஓரத்தில் நின்றபடி கேட்காதீர்கள். கண்ணாடி அறையும் வேண்டாம். யார் உள்ளே போனார் என்பது தேநீர் நேரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கைப்பேசியை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "அவர் குணமே அப்படித்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்தவர் வாயை மூடிக்கொள்வார்.

பிறகு குறிப்பு. என்றைக்கு, எங்கே, யார் பக்கத்தில் இருந்தார் என்று கேளுங்கள். "நீங்கள் ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டால் அவர்மேலேயே பழி போடுவதாகிவிடும். ஏசிய சொல்லை, தமிழோ மலாயோ, அப்படியே எழுதுங்கள். "கடுமையாகப் பேசினார்" என்று நான் சுருக்கி எழுதிய குறிப்பு விசாரணையில் எதற்கும் உதவவில்லை. படித்துக் காட்டி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தி என்றால் எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் வேண்டும்.

"யாருக்கும் தெரியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். விசாரிப்பவர்களுக்குத் தெரிந்தே ஆகும். புகார் கொடுத்தவரை இரவு ஷிப்டுக்கு மாற்றுவது அவருக்கே தண்டனை. பிரிக்க வேண்டுமானால் மற்றவரை மாற்றுங்கள்.

பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க மறுத்தால், மலேசியாவின் 1955 வேலைச் சட்டப்படி முதலாளி 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2025 ஜூலை 11 முதல் பகடிவதைக்கென்றே தண்டனைச் சட்டத்தில் பிரிவுகள் உண்டு.

அடுத்து எப்போது பேசுவோம் என்று நாள் குறிக்காமல் புகார் கொடுத்தவரை அனுப்பாதீர்கள்.