செட்டிநாட்டு வீட்டின் வளவைப் படம் எடுக்கும் முறை

கானாடுகாத்தானில் மராமத்து பார்த்து மீட்ட ஒரு பழைய வீட்டைப் போன மாதம் படம் எடுத்தேன். முதல் நாள் எடுத்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. மறுநாள் தேறியது. அந்த முறையை எழுதுகிறேன். மேனுவல் மோடும் ரா ஃபைலும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நேரம். நான் பதினொரு மணிக்குப் போனதுதான் தப்பு. வளவு என்பது நடுவில் திறந்த முற்றமும் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரமும் உள்ள பகுதி. உச்சி வெயில் நேராக அதற்குள் இறங்குகிறது. சுற்றுத் தாழ்வாரமோ இருட்டு. தரைக்கு வெளிச்சம் வைத்தால் தேக்குத் தூண்கள் கரிக்கட்டையாகின்றன. தூணுக்கு வைத்தால் முற்றம் வெள்ளைத்தாள் ஆகிறது. மறுநாள் ஆறரைக்கே போய்விட்டேன். வெயில் எட்டாத அந்த நேரத்தில், வானத்து வெளிச்சம் மட்டும் மெத்தென்று இறங்கி, தூணின் மரவரி வரை தெரிந்தது. எட்டு மணிக்குள் வளவை முடித்துவிடுங்கள்.

டியூப் லைட்டுகளை அணைக்கச் சொல்லுங்கள். ட்ரைபாட் கனமானதாகவே இருக்கட்டும்; மடக்கிப் பையில் போடும் ரகம் எனக்கு ஒத்துவரவில்லை. காலுக்கு ரப்பர் மாட்டாமல் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்மேல் வைக்காதீர்கள், கீறல் விழும்.

ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 8. ஷட்டரை மட்டும் மாற்றி 1/60, 1/15, 1/4 என்று மூன்று படம். பிறகு லைட்ரூம் மென்பொருளில் மூன்றையும் ஒரே படமாக இணைத்துக்கொள்ளலாம். நிழலை முழுக்கத் தூக்கிவிடாதீர்கள். மூலையில் கொஞ்சம் இருட்டு இருந்தால்தான் அது அந்த வீடு.

முகப்பிலிருந்து பார்த்தால் கதவு நிலைகள் வரிசையாகப் பின்வாசல் வரை நேர்கோட்டில் போகும். அதன் நடுவில் நில்லுங்கள். கேமராவை அண்ணாந்து பார்க்க விட்டால் தூண்கள் உள்ளே சாயும். நெஞ்சு உயரத்தில் மட்டமாக வையுங்கள். 10 மி.மீ. லென்ஸ் வேண்டாம், ஓரத்துத் தூண்கள் இழுபடும். கிராப் சென்சார் கேமராவில் 18 போதும்.

அப்புறம் கிட்டப் போங்கள். முட்டைவெள்ளை கலந்த சுண்ணாம்புப் பூச்சின் வழவழப்பு நேர் வெளிச்சத்தில் தெரியாது. பக்கத்துச் சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். தரையில் மாற்றிப் பதித்த புதுக்கல்லின் சிவப்பு, தேய்ந்த பழைய கல்லை ஒட்டிப் பளிச்சென்று நிற்கும். அதை மறைக்காமல் எடுங்கள். வீட்டைக் காப்பாற்றிய கொத்தனாரின் வேலை அங்கேதான் தெரிகிறது.

பிற்சேர்க்கை: வெள்ளைச் சுவர் ரோஸ் நிறமாக வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சிவப்புத் தரையில் பட்ட வெளிச்சம் சுவரில் ஏறுவதுதான் காரணம். சுவரருகே சாம்பல் நிற அட்டை பிடித்து ஒரு படம் எடுத்து, அதைக்கொண்டு வைட் பேலன்ஸ் சரிசெய்யுங்கள். தரையோரம் கொஞ்சம் சிவப்பு மிஞ்சும். அதை நான் விட்டுவிடுகிறேன்.