அமைதியான சுபாவமா? கல்யாண வீட்டில் ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்

கூட்டத்தில் கலகலப்பாகப் பேச வராதவர்கள் கல்யாணத்துக்குப் போனதுமே ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மொய் எழுதும் மேஜை மிகப் பொருத்தம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக உங்களிடமே வருவார்கள். ஊர், பெயர், தொகை, கொஞ்சம் நலம் விசாரிப்பு, அவ்வளவுதான் பேச்சு. பந்தியில் தண்ணீர் வைப்பதும் நல்ல வேலைதான். முகம் காட்டவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. நடுவே பத்து நிமிடம் மண்டபத்துக்கு வெளியே காற்றாட நின்றுவிட்டு வாருங்கள், அதில் தப்பே இல்லை.

அலுவலக மீட்டிங் என்றால், சொல்ல நினைப்பதை முந்தைய நாளே மேலாளருக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். அப்புறம் "நேற்று எழுதியிருந்தேனே, அது பற்றி" என்று தொடங்குவது எளிது. குரலை உயர்த்தி இடையில் புக வேண்டிய அவசியமும் இருக்காது.