டண்டாஸ் குடும்பத்தைப் பற்றி எழுதப் போகிறீர்களா?

ஆற்காட்டு நவாபின் கடன் கதையைத் துழாவுகிறவர்கள் எப்படியும் ஸ்காட்லாந்து அரசியல்வாதி ஹென்றி டண்டாஸிடம் வந்து நிற்பார்கள். 1785இல் அந்தக் கடன் விவகாரத்தில் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இவரைப் போட்டுத் தாக்கினார். அங்கிருந்து நூல் பிடித்துப் போனால் எடின்பரோவுக்குத் தெற்கே இவர் குடும்பத்தின் ஆர்னிஸ்டன் மாளிகை. தலைமுறை தலைமுறையாக வக்கீல்கள், நீதிபதிகள், அமைச்சர்கள். சமீபத்தில் இரண்டு பேர் இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதியதைப் படிக்கத் தந்தார்கள். இரண்டிலும் நான் விழுந்த அதே குழி. எழுத்துப்பிழைகளை விட்டுவிடுகிறேன்.

எந்த ராபர்ட்?

அப்பா, மகன், பேரன், கொள்ளுப்பேரன் நால்வருமே ராபர்ட் டண்டாஸ். முதலாமவர் 1726இல் இறந்தார். அடுத்தவர்கள் 1685–1753, 1713–1787, 1758–1819. பதவியை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பின்னவர்கள் மூவரும் லார்டு அட்வகேட், அதாவது ஸ்காட்லாந்தின் அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞர். அவர்களில் முதல் இருவர் தலைமை நீதிபதியான லார்டு பிரசிடென்டும்கூட. பெயரோடு பிறந்த வருஷத்தையும் ஒட்டி எழுதுங்கள்.

அங்கிள் எல்லாம் மாமா இல்லை

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். 1758 ராபர்ட்டுக்கு ஹென்றி 'அங்கிள்' என்று ஆங்கிலத்தில் படித்துவிட்டு மாமா என்று எழுதினேன். பிறகு ராபர்ட் கட்டியது ஹென்றியின் மகள் எலிசபெத்தை என்று தெரிந்தது. அட, மாமன் மகள்! நம்மூர் வழக்கம் ஸ்காட்லாந்திலுமா என்று ஒரு பத்தி முழுக்கக் குதித்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பிதானே? வம்ச வரைபடத்தில் ஹென்றியைத் தாய்வழியில் போட்டு, பெண் கொடுத்த வீட்டால் குடும்பத்துக்குச் செல்வாக்கு வந்தது என்றும் முடித்தேன்.

சிறு புத்தகம், முந்நூறு பிரதி. ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் போன் செய்தார். "மாமான்னா அவருக்கும் எப்படிங்க டண்டாஸ்னு பேர்?"

ராபர்ட்டின் அம்மா ஜீன், நீதிபதி வில்லியம் கிராண்ட்டின் மகள். ஹென்றியோ, அப்பாவுக்கு 29 வயது இளைய தம்பி, தாத்தாவின் இரண்டாம் தாரத்துப் பிள்ளை. அதாவது சித்தப்பா. எலிசபெத் நம் கணக்கில் தங்கை முறை. அங்கே அது தடையில்லை. முந்நூறு பிரதிகளிலும் திருத்தச் சீட்டு ஒட்ட நானும் வீட்டம்மாவும் மூன்று ராத்திரி உட்கார்ந்தோம். மைதாப் பசை வாடை புத்தகத்தில் இன்னும் போகவில்லை.

'நெவ்யூ'வை மருமகன் என்று எழுதினால் இன்னும் மோசம். ராபர்ட் ஹென்றிக்கு மகளைக் கட்டிய மருமகனும்தான் என்பதால் வாக்கியம் சரியாகவே இருக்கும், தப்பு வெளியே தெரியாது. உறவைப் போடுமுன் அப்பா வழியா, அம்மா வழியா என்று தனித்தாளில் கோடு போட்டுப் பாருங்கள்.

லார்டு என்றதும் பிரபு ஆக்காதீர்கள்

லார்டு ஆர்னிஸ்டன் என்பது ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றமான செஷன் நீதிமன்ற நீதிபதிக்குரிய பட்டம். மகனுக்குத் தானாகப் போகாது. ஹென்றி 1802இல் வைகவுன்ட் மெல்வில் ஆனது வாரிசுக்கும் போகும் பிரபுப் பட்டம். லார்டு அட்வகேட் நீதிபதியே அல்ல, அரசுத் தரப்பு வழக்கறிஞர்.

இங்கிலாந்து நீதிபதிகள்

இவர்களை அப்படி எழுதாதீர்கள். 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகும் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், தனி நீதிமன்றம்.

1806 விசாரணை

கடற்படைப் பணத்தில் முறைகேடு என்று நாடாளுமன்றம் தொடுத்த வழக்கு இது. ஹென்றி விடுதலையானார்.