மரங்களுக்கு நடுவே மர வீடுகள்: திட்டமிடும்போது நடக்கும் தவறுகள்

காட்டில் சாய்ந்த மரம் அப்படியே கிடப்பதில்லை. பூஞ்சை, கறையான், வண்டு என்று ஒரு பெரிய கூட்டம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று மண்ணாக்கிவிடுகிறது. அந்த மண்ணில்தான் அடுத்த கன்று முளைக்கிறது. மரத்தால் வீடு கட்டி, அந்த வீடுகளை மரங்களுக்கும் ஓடைக்கும் பக்கத்தில் வைக்க நினைப்பவர்கள் முதலில் இதை மனதில் நிறுத்த வேண்டும். நாம் சுவராக நிறுத்துகிற பலகையும் அந்தக் கூட்டத்துக்கு இரைதான். நனைந்து, காயாமல் இருந்தால் போதும், அவை வேலையைத் தொடங்கிவிடும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மர வீட்டுக் குடியிருப்பு நல்ல யோசனை என்று முழுமையாக நம்புகிறேன். ஆனால் மரமும் இயற்கை, தோட்டமும் இயற்கை, இரண்டும் தானாக ஒத்துப்போகும் என்ற நினைப்பிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. இரண்டும் எங்கே நெருங்கலாம், எங்கே விலகி நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு இடத்திலும் யோசித்து முடிவு செய்தாக வேண்டும்.

மிஞ்சிய நிலத்துக்குப் பச்சை பூசுவது

வழக்கமாக என்ன நடக்கிறது? முதலில் சாலையை வரைகிறார்கள். பிறகு மனைகளைப் பிரிக்கிறார்கள். அப்புறம் மூலைகளில் மிஞ்சும் துண்டுகளுக்குப் பச்சை நிறம் பூசுகிறார்கள். கணக்கில் பசுமைப் பரப்பு சரியாக வந்துவிடும். ஆனால் தவளைக்கும் அணிலுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் தனித்தனித் துண்டுகளால் பெரிய பயன் கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக அவற்றுக்கு வழி வேண்டும்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதுதான் முதல் கேள்வி. நில அளவை வரைபடம் ஓரளவு சொல்லும். நல்ல மழையில் ஒருமுறை நிலத்தை நடந்து பார்த்தால் மீதியும் தெரிந்துவிடும். தண்ணீர் தேங்கும் பள்ளம், அது ஓடும் தடம், வெயிலிலும் ஈரம் காயாத ஓரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அவற்றைத் தொடர்ச்சியான பசுமைப் பட்டையாக விட்டுவிடுங்கள். வீடுகள் மேட்டுக்குப் போகட்டும். இப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் லாபம்: உயிரினங்களுக்கு ஒரு பாதை கிடைக்கிறது, மரச் சுவர்கள் ஈரத்திலிருந்து தள்ளி நிற்கின்றன.

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1970களில் உருவான வில்லேஜ் ஹோம்ஸ் குடியிருப்பில் மழைநீரை நிலத்தடிக் குழாய்களில் விடாமல், ஆழமில்லாத திறந்த வாய்க்கால்களில் விட்டார்கள். நீர் மெதுவாக ஓடி, போகிற வழியிலேயே மண்ணில் இறங்குகிறது. அந்த வாய்க்கால் ஓரங்களே குழந்தைகள் விளையாடும் பொது இடமாகவும் ஆகிவிட்டன. சாலைகளையும் வழக்கத்தைவிடக் குறுகலாக அமைத்தார்கள்.

சாலை என்றதும் கார் வருகிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் நிற்க இடம் ஒதுக்கினால், இயற்கையோடு இணைந்த குடியிருப்பு என்ற பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அவ்வளவு நிலம் தளம் போட்டு மூடப்பட்டுவிடும். ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரின் ஃபௌபான் பகுதி பழைய ராணுவக் குடியிருப்பு இருந்த இடம். அங்கே பெரும்பாலான கார்களுக்குக் குடியிருப்பின் ஓரத்தில் பொதுவான நிறுத்தகம் கட்டினார்கள். 2006இல் டிராம் வண்டியும் உள்ளே வந்தது. வீட்டு வாசல்கள் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மிஞ்சின. தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் ஒவ்வொரு வீட்டையும் எட்ட வழி மட்டும் கட்டாயம் வேண்டும். அதில் சிக்கனம் கூடாது.

வரைபடத்தில் தப்பிக்கும் மரம்

இந்தத் தவறு என்னை மிகவும் வருத்துகிறது. நல்ல எண்ணத்தோடு பெரிய மரங்களை வரைபடத்தில் வட்டமிட்டுக் காப்பாற்றுகிறார்கள். அப்புறம் கட்டுமானம் நடக்கும்போது அதன் நிழலிலேயே லாரியை நிறுத்தி, செங்கல்லை அடுக்கி, தோண்டிய மண்ணை அடிமரத்தைச் சுற்றிக் கொட்டுகிறார்கள். மரத்தை யாரும் வெட்டவில்லை. ஆனாலும் சில ஆண்டுகளில் உச்சிக் கிளைகள் காயத் தொடங்கி, மரம் மெல்லச் செத்துப்போகிறது. அதற்குள் கட்டியவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

காரணம் எளிமையானது. பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணிலேயே, ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கின்றன. கிளைகளின் விரிவையும் தாண்டிப் பரவுகின்றன. மண் இறுகிவிட்டால் அவற்றுக்குக் காற்றும் நீரும் கிடைக்காது. பிரிட்டனின் தர விதிகளில் ஒரு எளிய கணக்கு உண்டு: அடிமரத்தின் விட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் கிடைக்கும் ஆரத்துக்குள் எந்த வேலையும் நடக்கக் கூடாது. 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரம் என்றால், சுற்றிலும் 6 மீட்டர். முதல் லாரி உள்ளே வருவதற்கு முன்பே அந்த எல்லையில் வேலி நிற்க வேண்டும். கயிறு கட்டி, 'மரத்தைக் காப்போம்' என்று பலகை மாட்டுவதெல்லாம் போதாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மரத்தை ஒட்டியே வீட்டை வைப்பது. நாள் முழுக்க நிழல் விழும் சுவர் மழைக்குப் பிறகு காய நேரமாகும், பாசி பிடிக்கும். கூரையின் நீர்த்தாரையை இலை அடைக்கும். கடைசியில் 'இந்த மரத்தால் தொல்லை' என்று சொல்லி, காப்பாற்றிய மரத்தையே வெட்டுவார்கள். கிளை இன்னும் எவ்வளவு வளரும் என்று கேட்டுவிட்டுச் சுவரின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

ஈரம் காய வழி இல்லாத சுவர்

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சையால் அதை எதுவும் செய்ய முடியாது. 30 சதவீதத்தை நெருங்கி அங்கேயே நின்றுவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். எப்போதாவது நனைவதில் ஆபத்து இல்லை. நனைந்தது காய முடியாமல் போவதுதான் ஆபத்து.

கனடாவின் வான்கூவர் பகுதியில் 1980களிலும் 1990களிலும் கட்டிய ஏராளமான மரச்சட்ட அடுக்குமாடிகள் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுத்தந்தன. விடாமல் மழை பெய்யும் ஊர் அது. அங்கே வெயில் ஊர்ப் பாணியில், கூரை நீட்டல் இல்லாமல், சுவரை வெளிப்பூச்சால் இறுக்கமாக மூடிக் கட்டினார்கள். சன்னல் ஓரங்களில் புகுந்த நீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, சட்டங்கள் இற்றுப்போயின. 1998இல் விசாரணை ஆணையம் வைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. நியூசிலாந்திலும் அதே காலத்தில் ஏறக்குறைய அதே கதை. கூடுதலாக, அங்கே பூஞ்சையைத் தடுக்கும் மருந்து ஏற்றாத பைன் மரத்தைச் சட்டங்களுக்குப் பயன்படுத்த அனுமதித்திருந்தார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஜப்பானின் நாரா அருகே உள்ள ஹோர்யூஜி கோயிலின் மரக் கட்டடங்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகப் பெருமழையில் நிற்கின்றன. அவற்றின் இறவாரம் சுவரைத் தாண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று படத்திலாவது பாருங்கள். நார்வேயின் போர்குண்ட் தேவாலயம் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அங்கே தூண்களைக் கல் மேல் இருத்தினார்கள். அதற்கு முன்பு தூண்களை நேராக மண்ணில் நட்டுக் கட்டிய தேவாலயங்கள் அடி இற்று அழிந்துவிட்டன.

இதிலிருந்து வருகிற விதிகளில் புதுமை ஒன்றும் இல்லை. கூரையைத் தாராளமாக நீட்டுங்கள். மரம் தொடங்கும் இடம் மண்ணிலிருந்து குறைந்தது 20, 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். சுவரடியில் மழைத்துளி தெறிக்காமல் இருக்க ஒரு பட்டைக்குச் சரளைக் கல் போடுங்கள். வெளிப்பலகைக்குப் பின்னால் காற்று ஏறி இறங்க ஓர் இடைவெளி விடுங்கள். பலகையின் வெட்டு முனையை மறக்கவே கூடாது. இழைகள் குழாய்க் கொத்து போல இருப்பதால் அந்த முனை வழியாகத்தான் நீர் வேகமாக ஏறும். அதை மூடுங்கள், அல்லது நீர் நிற்காதபடி சாய்த்து வெட்டுங்கள்.

இயற்கையை நேசிப்பவர்கள் குறிப்பாகச் செய்கிற தவறு, மரச் சுவரிலேயே கொடியைப் படரவிடுவது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கொடி சுவரைக் காயவிடாது, பழுதைப் பார்க்கவும் விடாது. சுவரிலிருந்து தள்ளித் தனிச் சட்டம் நட்டு அதில் ஏற்றுங்கள். கூரை மேல் மண் பரப்பிச் செடி வளர்க்கும் பசுங்கூரை போடுவதானால் சரிவும், கசிவைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு வழியும் தேவை. மண்ணுக்கு அடியில் மரம் நனைவது யார் கண்ணிலும் படாது.

கட்டும்போதே நனைந்துவிட்ட பலகைகளை அவசரமாக மூடிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தடித்த அடுக்குப் பலகைகள் உறிஞ்சிய நீரைச் சீக்கிரம் விடாது. ஈரமானி வைத்து அளந்து பார்த்த பிறகுதான் மூட வேண்டும்.

மரம் என்றாலே பசுமை என்று நம்பிவிடுவது

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். ஒரு கிலோ காய்ந்த மரம், வளரும்போது சுமார் 1.8 கிலோ கரியமில வாயுவைக் காற்றிலிருந்து எடுத்திருக்கும். வீடு நிற்கும்வரை அது உள்ளே இருக்கும். முப்பது ஆண்டில் இற்றுப்போய் எரிக்க நேர்ந்தால் எல்லாம் காற்றுக்கே திரும்பிவிடும். ஆகவே ஈரத்தைப் பற்றி மேலே சொன்னதுதான் சூழல் கணக்கும்கூட.

மரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விடக் கூடாது. காட்டைப் பொறுப்போடு பராமரித்து வெட்டிய மரம் என்று உறுதி சொல்லும், 1993இல் தொடங்கிய எஃப்எஸ்சி (FSC) போன்ற அமைப்புகளின் சான்றிதழ்கள் உதவும். வெட்டிய இடத்தில் திரும்ப என்ன வளர்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அதைவிட நல்லது. இன்னொன்று, என் சொந்தக் கருத்து: இரண்டு மாடி வீட்டுக்குத் தடித்த அடுக்குப் பலகைச் சுவர் வீண் செலவு. மெல்லிய மரச்சட்டமே அந்தச் சுமையைத் தாங்கும். ஒரு வீட்டுக்கு ஆகும் மரத்தில் இன்னொரு வீட்டுக்கான மரமும் மிஞ்சலாம். மேலே எல்லாம் மரமாகக் கட்டிவிட்டு, கீழே முழு மனைக்கும் கான்கிரீட்டில் கார் நிறுத்தத் தளம் தோண்டுவதும் நடக்கிறது. அப்படிச் செய்தால், கான்கிரீட் தயாரிப்பில் வெளியாகும் கரியமில வாயுவால், மரத்தில் சேமித்ததில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

தீயும் காலடி ஓசையும்

தடித்த உத்தரம் தீயில் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் வேகத்தில் கரியாகும். அந்தக் கரியே உள்மரத்தைக் கொஞ்ச நேரம் காக்கும். அரை மணி நேரத்தில் போவது 2 சென்டிமீட்டர்தான். அதனால் தடித்த மரத்தைவிட, சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் தீ ஓடக்கூடிய மறைவு இடைவெளிகளைப் பார்த்தே பயப்பட வேண்டும். காற்றோட்டத்துக்கு விட்ட இடைவெளியில் ஒவ்வொரு மாடியிலும் தீத்தடுப்பு வைக்க மறந்துவிடுகிறார்கள். காட்டுத்தீ வரக்கூடிய இடமானால் பறந்து வரும் தணல்தான் எதிரி. சுவரைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குச் செடியோ, விறகோ, காய்ந்த இலையோ இருக்கக் கூடாது. குடியிருப்பிலிருந்து வெளியேற ஒரே ஒரு சாலை மட்டும் இருந்தால் போதாது.

ஓசை பற்றிச் சுருக்கமாக: ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ, அதே அளவு ஊசியிலை மரம் 450 முதல் 500 கிலோ. எடை குறைந்த தளத்தில் மேல்வீட்டுக்காரரின் காலடி கீழே தெளிவாகக் கேட்கும். குடி வந்த பிறகு இதைச் சரிசெய்வது மிகக் கடினம். தளத்தின் மேல் எடை சேர்ப்பதையும், நடுவில் மெத்தென்ற அடுக்கு வைப்பதையும் வரையும்போதே முடிவு செய்யுங்கள்.

இரவு விளக்குகளும் அப்படித்தான் கடைசியில் நினைவுக்கு வருகின்றன. ஓடையோரம் வெள்ளை விளக்கு வரிசை வைத்தால் பூச்சிகளும் வௌவால்களும் திண்டாடும். மஞ்சள் ஒளி, கீழ்நோக்கி, தேவையான இடத்தில் மட்டும்.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் விடுவது

வாய்க்காலைத் தூர்வாருவது யார்? நீர்த்தாரையில் இலை எடுப்பது யார்? புல்லை எப்போது வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது? குடி வருவதற்கு முன்பே இவற்றை எழுதி, பணமும் ஒதுக்கியிருக்க வேண்டும். பூச்சு அடிக்காத பலகை வெயிலில் சாம்பல் நிறமாவது இயல்பு என்றும் அதில் சொல்லுங்கள். தெரியாதவர்கள் பயந்து, ஆவி வெளியேற விடாத பெயின்டை அடித்து, நன்றாக இருந்த சுவரைக் கெடுத்துவிடுகிறார்கள்.

முதல் பெருமழையில் குடை பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டையும் சுற்றி வாருங்கள். எந்தப் பலகையில் நீர் தெறிக்கிறது, எந்த மூலையில் வழிந்து நிற்கிறது என்று குறித்துவையுங்கள். இரண்டு நாள் கழித்து அதே இடங்களைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் ஈரமாக இருக்கும் இடத்தை அந்த வாரமே சரிசெய்யுங்கள்.