விபத்து வழக்கில் மெடிக்கல் போர்டுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

சாலை விபத்தில் காயம்பட்டு, மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டவரை, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவுக்கு (மெடிக்கல் போர்டு) அனுப்பி ஊனத்தை அளந்துவரச் சொல்வதுண்டு. தனியார் டாக்டரிடம் வாங்கிய ஊனச் சான்றிதழை நீட்டினால் போதும் என்ற காலம் போய்விட்டது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், கேட்டவுடன் கிடைக்கும் சான்றிதழ்களை அப்படியே நம்பக்கூடாது என்று தீர்ப்பாயங்களை எச்சரித்திருக்கிறது. பல குடும்பங்களின் அடுத்த இருபது வருட வருமானம் இந்த ஒரு பரிசோதனையைச் சார்ந்திருக்கிறது. அதற்கு வெறுங்கையோடு போகக்கூடாது.

முதலில் நேரம். எலும்பு கூடாமல், அடுத்த ஆபரேஷன் பாக்கியிருக்கும்போது போனால் ‘தற்காலிக ஊனம்’ என்று எழுதிவிடவோ, பிறகு வரச் சொல்லவோ வாய்ப்பு அதிகம். சிகிச்சை முடியவில்லை என்றால் வக்கீல் மூலம் மனுப் போட்டுத் தேதி தள்ளி வாங்குங்கள். ஒன்றும் சொல்லாமல் போகாமல் இருந்துவிடாதீர்கள். இன்ஷூரன்ஸ் தரப்பு அதையே உங்களுக்கு எதிராகக் காட்டும்.

அடுத்தது ஆவணங்கள். தீர்ப்பாயத்தின் உத்தரவுக் கடிதம், ஆதார், மருத்துவமனை விபத்துப் பதிவேட்டு நகல் (ஏ.ஆர். காப்பி), காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், அவற்றின் ரிப்போர்ட் எல்லாம் வேண்டும். ஒரிஜினல் ஏற்கெனவே கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருந்தால், அது மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறதா, சான்றிட்ட நகல் போதுமா என்று வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏ.ஆர். காப்பியில் ‘முருகன்’, ஆதாரில் ‘முருகேசன்’ என்று இருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். இருவரும் ஒருவரே என்பதற்கான பிரமாணப் பத்திரத்தை அன்றைக்கு முன்பே தயார் செய்யுங்கள்.

விபத்து நாள் எக்ஸ்ரே முறிவைத்தான் காட்டும். மூட்டு இன்று எப்படி இருக்கிறது என்பதற்கு அண்மையில் எடுத்த படம் வேண்டும். மரத்துப்போன கை என்றால் நரம்புப் பரிசோதனை, காது என்றால் ஆடியோகிராம், தலைக்காயத்துக்குப் பின் மறதி என்றால் நினைவாற்றல் சோதனை. இவை இல்லாமல் வாயால் சொல்லும் குறை பெரும்பாலும் கணக்கில் ஏறாது. எலும்பு, நரம்பு என்று இரண்டு குறை இருந்தால் இரண்டு துறை டாக்டர்களும் பார்க்க வேண்டும் என்று உத்தரவிலேயே கேட்டு வாங்குவது நல்லது.

பரிசோதனை மேஜையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பயம் குறையும். தளர்வான உடையில் போங்கள். இடுப்பெலும்பு முனையிலிருந்து உள் கணுக்கால் வரை டேப் வைத்து இரு கால் நீளத்தையும் அளப்பார்கள். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதைக் கோணமானியால் பார்ப்பார்கள், முதலில் நீங்களே மடக்க, பிறகு டாக்டர் மடக்க. இரு தொடைச் சுற்றளவையும் ஒப்பிடுவார்கள். பல மாதம் பயன்படாத காலில் சதை கரைந்திருக்கும், அதை நடிக்க முடியாது. ‘முழங்கால் மடங்கவே இல்லை’ என்று சொன்னவர் செருப்பு மாட்டக் குனியும்போது கால் நன்றாக மடங்கினால், உண்மையாகவே உள்ள வலியையும் சந்தேகிப்பார்கள். இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். பழைய அடி இருந்தால் மறைக்காதீர்கள். பழைய முறிவின் தடம் படத்தில் தெரிந்துவிடக்கூடும். வேலையைப் பற்றி ‘கஷ்டமா இருக்கு’ என்பதைவிட, ‘சாரத்தில் ஏற முடியவில்லை, பத்து நிமிடத்துக்கு மேல் குந்தி உட்கார முடியவில்லை’ என்பது பயன்படும்.

அறிக்கை தீர்ப்பாயத்துக்குப் போனதும் நகல் வாங்கி மூன்றை உடனே பாருங்கள். இடது, வலது சரியா? நிரந்தரம் என்று இருக்கிறதா? சதவீதம் அந்தக் காலுக்கா, முழு உடலுக்கா? குழப்பமெல்லாம் இந்த மூன்றாவதில்தான். ராஜ்குமார் வழக்கில் காலுக்கு 45 சதவீதம் என்று சான்றிதழ் இருந்தும், வருமான இழப்பை உச்ச நீதிமன்றம் 20 சதவீதமாகத்தான் எடுத்தது. மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் 38 வயதுக்காரருக்கு வருட வருமானம் 1,80,000, அதைப் பெருக்க வயதை வைத்து எடுக்கும் பெருக்கல் எண் 15. எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்காமல், 20 சதவீதத்தில் 5,40,000. 45 சதவீதத்தில் 12,15,000. இரண்டு எண்ணையும் ஒன்றாக நினைத்துக் கணக்குப் போட்டவர்களுக்குத் தீர்ப்பு நாளில் பெரிய ஏமாற்றம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊனம் எவ்வளவு என்று சொல்வது டாக்டரின் வேலை; அதனால் சம்பாத்தியம் எவ்வளவு போனது என்று முடிவு செய்வது தீர்ப்பாயம். ஒரு கையை இழந்த டிரைவருக்கு வருமானம் ஏறக்குறைய முழுவதும் போகலாம், அதே காயத்தோடு அரசு குமாஸ்தா அதே சம்பளத்தில் தொடரலாம். ஆகவே அறிக்கை வந்தாலும் ஓய்ந்துவிடாமல், ஓட்டுநர் உரிமம், சம்பளப் பதிவு, பழைய முதலாளி அல்லது மேஸ்திரியின் சாட்சியம் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். அறிக்கையில் தவறு இருந்தால், போர்டு டாக்டரைச் சாட்சியாக அழைக்கவோ மறுபரிசோதனைக்கோ மனுப் போடுவதை வாதம் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள்.