பழைய டீசல் வேனில் எரிபொருள் கோளாறு: பம்பைக் கழற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர வீதியில் பள்ளிப் பிள்ளைகளையும் மீன் பெட்டிகளையும் நெல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இன்னமும் ஓடுகிற ஷெல், டொல்பின் வகை டொயோட்டா ஹையேஸ் வேன்கள் பல. வேலை பழகும் தம்பிமார் இவற்றின் எரிபொருள் அமைப்பில் கை வைக்கும்போது, எங்கள் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பில்டரை நேரத்துக்கு மாற்றுவது, கிளிப்பை இறுக்குவது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

காற்று இழுப்பதைப் பம்பின் பழுது என்று முடிவு கட்டுவது

இரவு முழுவதும் நின்ற வேன் காலையில் ஸ்டார்ட்டர் களைக்கும்வரை அடித்தால்தான் பற்றும். பற்றியதும் சிறிது நேரம் தடுமாறும். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மேட்டுப் பக்கம் ஏறினால் இழுவை போதாது. பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பை நன்றாக அழுத்திவிட்டு அடித்தால் மட்டும் உடனே பற்றிக்கொள்ளும். இந்தக் கடைசி அடையாளம், எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் நொசில்களுக்கு அதை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கு முன்னால், தாங்கிப் பக்கத்தில் ஏதோ நடக்கிறது என்று தெளிவாகச் சொல்கிறது. அதைக் கேட்காமல் பம்பைக் கழற்றி, பம்ப் பழுதுபார்க்கும் ‘பம் றூமுக்கு’ அனுப்புவதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இந்த வேன்களின் 2எல், 3எல் எஞ்சின்களில் தாங்கியிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கத் தனிப் பம்ப் கிடையாது. இன்ஜெக்‌ஷன் பம்பின் உள்ளே இருக்கும் சிறிய விசிறிப் பம்பே தாங்கி வரைக்கும் உறிஞ்ச வேண்டும். ஆகவே தாங்கிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் வெடிப்பு இருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே கசிவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே புகும். இரவில் அந்தக் காற்றுக்கு இடம் கொடுத்து டீசல் தாங்கிக்கே இறங்கிவிடும். குழாய் வெளியே காய்ந்து கிடப்பதைப் பார்த்து “கசிவில்லை” என்று சொல்வது இங்கே செல்லாது. மசி பெர்குசன் 135 உழவு இயந்திரத்தில் வேலை பழகியவர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏனென்றால் அதில் தனியாக ஒரு லிப்ட் பம்ப் டீசலைத் தள்ளுவதால், அதற்குப் பிந்திய குழாயில் உள்ள வெடிப்பு ஈரமாகவே தெரியும்.

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவருடைய வேனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலையில் பற்றவில்லை என்று வந்தவரிடம், வேலை பழகிக்கொண்டிருந்த ஒரு பையன் “பம் போயிற்று” என்று சொல்லி, டீசல் பாயும் நேரத்தைக் காட்டும் டைமிங் அடையாளத்தைக்கூடக் கீறி வைக்காமல் பம்பைக் கழற்றியிருக்கிறான். பம்பின் ஹெட்டும் ரோட்டரும் மாற்றப்பட்டன. மனைவியின் காப்பை அடகு வைத்து அந்த மனிதர் பணம் கட்டினார். வேன் திரும்பி வந்தபோது டைமிங் பிசகியதால் புகையும் தட்டலும் சேர்ந்துகொண்டன. காலையில் பற்றாத கோளாறு அப்படியே இருந்தது. பின்னர் என்னிடம் கொண்டு வந்தபோது, சேசிஸ் ஓரமாகப் போகும் இரும்புக் குழாயை, அதைப் பிடித்திருந்த ரப்பர் பட்டியிலிருந்து மெல்ல விடுவித்தேன். பட்டிக்குக் கீழே உப்புக் காற்றும் மழைநீரும் தங்கி, குழாய் கருஞ்சிவப்பாகச் செதில் விட்டிருந்தது. நகத்தால் சுரண்டியபோது ஊசிமுனை அளவு துளை ஒன்று தெரிந்தது. ஒரு முழ டீசல் ஹோஸும் இரண்டு கிளிப்பும் போதுமாயிருந்தன. பிசகிய டைமிங்கைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் போனது.

அந்தப் பணத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சோதனை மிகவும் எளிது. சுத்தமான டீசல் உள்ள சிறிய கேனைப் பம்பைவிட உயரத்தில், புகைபோக்கிக் குழாயிலிருந்து தள்ளி, விழாதபடி கட்டி வையுங்கள். அதிலிருந்து வரும் ஹோஸைப் பம்பின் உள்வழியில் பூட்டி, மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ஹோஸையும் அதே கேனுக்குள் விட்டு, காற்றை வெளியேற்றிய பின் எஞ்சினை ஓட்டுங்கள். வேனை நகர்த்தாமல் இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் முதல் அடியிலேயே பற்றினால், காற்று தாங்கிப் பக்கத்தில்தான் புகுகிறது. பற்றாவிட்டால் மட்டும் ஹீட்டர் பிளக், நொசில், கொம்ப்ரஷன் என்று பார்த்து, கடைசியாகப் பம்புக்கு வாருங்கள்.

காற்றுப் புகும் இடத்தைக் கண்டுபிடிக்க, பில்டருக்கும் பம்புக்கும் இடையில் டீசல் தாங்கும், உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு துண்டைப் பூட்டுங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் சில குமிழ்கள் வந்து மறைவது இயல்பு. அவை நிற்காமல் வந்துகொண்டிருந்தால் அந்தத் துண்டைப் பில்டருக்கு முன்னால் மாற்றிப் பூட்டுங்கள். அங்கே குமிழ் இல்லையென்றால் குற்றம் பில்டர் தலையில் இருக்கிறது: கைப்பம்பின் டயபிரம் வெடித்திருக்கலாம், பில்டரின் ரப்பர் வளையம் முறுக்கியிருக்கலாம், அடியிலுள்ள நீர் வடிக்கும் திருகு சரியாக உட்காராதிருக்கலாம். அங்கேயும் குமிழ் வந்தால் தாங்கிவரை குழாயைத் தொடர வேண்டும். தாங்கி நிறைந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, அரைக்குக் கீழே இறங்கியதும் தொல்லை கொடுக்கும் வேனில், தாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயையே முதலில் சந்தேகியுங்கள்.

தாங்கி மூடியை மறந்துவிடுவது

சிறிது தூரம் ஓடியதும் எஞ்சின் இழுவையிழந்து நின்று, சற்றுப் பொறுத்தால் மறுபடி பற்றினால், நின்ற உடனேயே தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். “உஸ்” என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் காற்றுவழி அடைத்திருக்கிறது. பூட்டு வைத்த மாற்று மூடி போட்ட வேன்களில் இதை அடிக்கடி காண்கிறேன்.

பம்பின் இரண்டு போல்ட்டுகளை இடம் மாற்றுவது

பம்பின் உள்வழி ஹோஸையும் திரும்பு ஹோஸையும் பூட்டும் இரண்டு போல்ட்டுகளில், திரும்பு வழிக்கான, ‘அவுட்’ என்று பொறித்த போல்ட்டில் மட்டும் பம்பின் உள்ளழுத்தத்தைக் காக்கும் நுண்துளை உண்டு. அதை உள்வழியில் பூட்டினால் எஞ்சின் வேகம் எடுக்காது.

மண்ணெண்ணெய் கலப்பது

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயரும்வரை, மலிவு என்று பலரும் அதை டீசலில் கலந்தார்கள். இந்தப் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது என்பதால், உரசித் தேய்ந்த பம்ப் சூடேறிய பின் பற்ற மறுக்கும். குளிரில் பற்றி, சூட்டில் பற்றாத வேனில்தான் பம்பை முதலிலேயே சந்தேகிப்பதற்கு நியாயம் இருக்கிறது.

2022 எரிபொருள் நெருக்கடியில் கேனில் சேர்த்து வைத்த டீசலால் புதிய பில்டரை நிரப்புவது

கூடவே கூடாது.

ஓடும் எஞ்சினில் நொசில் குழாயைக் கையால் தடவுவது

நொசிலுக்குப் போகும் குழாயில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 100 மடங்குக்கும் மேல் ஏறும். கசிவு தேடுகிறேன் என்று விரலை வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைப் பார்க்க அட்டைத் துண்டொன்றைத் தள்ளிப் பிடியுங்கள், கண்ணாடி அணியுங்கள். ஒருவேளை துளைத்துவிட்டால், வெளியே சிறு புள்ளியாகவே தெரிந்தாலும், நோவு இல்லாவிட்டாலும், மறுநாள் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். உடனே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற சத்திரசிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போய், அழுத்தத்தோடு டீசல் உடம்புக்குள் ஏறியது என்று வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.